'லேடி இன் சாட்டின்': பழைய பாட்டுகளை பில்லி ஹாலிடே என்ன செய்தார்?

கேள்வி இது: "ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தைப் பலரும் புகழ்வதால் வாங்கிக் கேட்டேன். குரல் கரகரக்கிறது. சுருதி சில இடங்களில் நழுவுகிறது. பின்னால் வயலின்கள் வழிகின்றன. பாட்டுகளும் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல, மற்றவர்கள் முன்பே பாடியவை. அவருடைய துயர வாழ்க்கையை நினைத்துத்தான் எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்களா?"

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குரல் கரகரக்கிறது, சுருதி நழுவுகிறது, வயலின்கள் வழிகின்றன, பாட்டுகள் பழையவை. ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் சந்தேகத்தை மட்டும் முழு மூச்சோடு மறுக்கிறேன். இந்த ஆல்பத்தை இரக்கத்தோடு கேட்பவர்கள் பில்லி ஹாலிடேக்கு நல்லது செய்யவில்லை. அவர் இதில் செய்திருப்பது பாடும் வேலை. முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாடிப் பழகிய ஒருவர், கையில் மிச்சமிருந்த கருவிகளைக் கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் எங்கே வைப்பது என்று தீர்மானித்து வைத்த வேலை. அதைக் கேட்கக் கற்றுக்கொண்டால், வாழ்க்கை வரலாறு தெரியாமலே இந்தத் தட்டு உங்களை உட்கார வைத்துவிடும்.

முதலில் பழைய பாட்டுகள் என்ற விஷயம். ஜாஸில் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லப்படும் பாடல்களில் பெரும்பகுதி 1920களிலிருந்து 1950கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. நாடகம் மறைந்து போகும், படம் மறந்து போகும், பாட்டு மட்டும் தங்கும். பெரும்பாலும் முப்பத்திரண்டு அளவைகளில், அதாவது முப்பத்திரண்டு சிறு தாளச் சுற்றுகளில், அடங்கிவிடும் சின்ன வடிவம் அது. அந்த அளவும் சுரக்கூட்டுகளின் போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், ஒரு ஜாஸ் கலைஞர் அதை எடுத்துக்கொண்டு தன் போக்கில் நகர்ந்தாலும் கேட்பவருக்கு வழி தப்பாது. ஒரே கீர்த்தனையை நூறு வித்வான்கள் பாடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, "ஏற்கெனவே பாடியதை ஏன் பாடுகிறார்கள்" என்ற கேள்வி உண்மையில் எழவே கூடாது. சபாவில் உட்காரும்போது நாம் புதுப் பாட்டையா எதிர்பார்க்கிறோம்?

ஆனால் இந்த ஒப்பீட்டை ஓர் எல்லை வரைதான் கொண்டு போக முடியும். நிரவலில் சாகித்திய வரி அப்படியே நிற்கும், சொற்கள் தாளத்தில் தங்கள் இடத்தை ஏறக்குறைய காப்பாற்றிக்கொள்ளும், மெட்டு மட்டும் விரிந்து விரிந்து போகும். பில்லி செய்தது வேறு. அவர் மெட்டை விரிக்கவே மாட்டார், சுருக்குவார். எழுதியவர் ஏழு சுரங்களில் ஏறி இறங்கச் சொன்ன வரியை மூன்று சுரங்களில் முடித்துவிடுவார். மாறாக, சொற்கள் தாளத்தில் விழும் இடத்தை இழுத்து நகர்த்துவார். நம்மிடம் அரை இடம், முக்கால் இடம் தள்ளிப் பாட்டைத் தொடங்கும் எடுப்பு என்று கணக்கு உண்டு. பில்லியின் தாமதத்துக்கு அந்தக் கணக்குக் கிடையாது. வரியின் தொடக்கத்தில் பின்தங்கி, நடுவில் இன்னும் பின்தங்கி, "இனி எப்படிச் சேர்வார்" என்று நாம் பதறும்போது கடைசி இரண்டு சொற்களைப் பேச்சுப் போல உதிர்த்துவிட்டு, சரியான இடத்தில் வந்து நின்றிருப்பார். பேசும்போது நாம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். முக்கியமான சொல்லுக்கு முன்னால் தயங்குகிறோம், முக்கியமில்லாததை விழுங்குகிறோம். அதைத் தாளத்தின் மேல் வைத்துச் செய்து காட்டியதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கனத்த ஒலியும் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆர்ம்ஸ்டிராங்கின் உணர்வும் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இரண்டாவது நிச்சயமாகக் கிடைத்தது. முதலாவது கிடைக்கவில்லை, மைக் வந்துவிட்ட காலத்தில் அது தேவைப்படவும் இல்லை.

இது 'லேடி இன் சாட்டின்' வெளிவந்த 1958இல் திடீரென்று வந்ததல்ல. 1935 முதல் பியானோ கலைஞர் டெடி வில்சனுடன் அவர் பதிவு செய்த தட்டுகளைக் கேட்டால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. அப்போது அவருக்கு இருபது வயது. நல்ல பாட்டுகள் முதலில் பிரபலமான வெள்ளைப் பாடகர்களுக்குப் போய்விடும். அதனால் இரண்டாம் தரம், மூன்றாம் தரப் பாட்டுகள் பல அவர் பங்குக்கு வந்தன. அவற்றின் மெட்டை இழைத்து, உதவாத பகுதியைச் சீவித் தள்ளி, புதிய பாட்டாகவே ஆக்கிவிட்டார். 1937 ஜனவரியில் லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோனோடு அவர் முதன்முதலாகச் சேர்ந்து பதிவு செய்தபோது, குரலும் கருவியும் ஒரே ஆள் இரண்டு வாயால் பேசுவது போல ஒலித்தன. 'லேடி டே' என்ற பட்டப்பெயரை அவருக்குக் கொடுத்தவர் லெஸ்டர்தான்.

இப்போது 'லேடி இன் சாட்டின்'. 1958 பிப்ரவரியில் நியூயார்க்கில், கிழக்கு முப்பதாவது தெருவில் இருந்த கொலம்பியா நிறுவனத்தின் பதிவறையில், மூன்று அமர்வுகளில் பதிவானது. அந்தக் கட்டடம் முன்பு தேவாலயமாக இருந்தது. கூரை மிக உயரம், ஒலி தங்கி மெல்லக் கரையும். அடுத்த ஆண்டு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவானதும் அங்கேதான். பில்லிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஆல்பங்களில் இதுவே கடைசி.

வயலின்களை யாரோ அவர் தலையில் கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. ரே எல்லிஸ் என்ற இளம் இசைக்கோப்பாளர், பாப் பாடகர்களுக்கு வேலை செய்து பெயர் வாங்கியவர், தந்திக் கருவிகளைக் கொண்டு ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு "எனக்கு இவர்தான் வேண்டும்" என்று கேட்டவர் பில்லியே. ஆசையும் புதியதல்ல. 1944இல் டெக்கா நிறுவனத்தில் 'லவர் மேன்' பாடியபோதே தந்திக் குழு வேண்டும் என்று தயாரிப்பாளர் மில்ட் கேப்லரிடம் மன்றாடி வாங்கியிருக்கிறார். 1950களில் நார்மன் கிரான்ஸ் தயாரித்த தட்டுகளில் பென் வெப்ஸ்டர், ஹாரி எடிசன் போன்ற பெரிய கலைஞர்கள் அடங்கிய சிறு குழுக்களோடு பாடினார். ஜாஸ் ரசிகர்கள் பலர் அவற்றையே உயர்வாகச் சொல்வார்கள். அவை அருமையானவைதான். ஆனால் இந்த முறை அவர் கேட்டது பட்டுத் துணி விரித்தது போன்ற ஒலி. தலைப்பிலேயே சாட்டின் இருக்கிறது.

பாட்டுகளையும் சொற்களுக்காகவே தேர்ந்தெடுத்தார். அதுவரை அவர் பதிவு செய்திராத பாடல்களைத் தேடி எடுத்து, வரிகளை வாசித்துப் பார்த்து முடிவு செய்தார். 'ஐ'ம் எ ஃபூல் டு வாண்ட் யூ', 'யூ'வ் சேஞ்ச்டு', 'கிளாட் டு பி அன்ஹாப்பி', 'ஃபார் ஆல் வீ நோ' என்று தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். போனவனைப் பற்றி, மாறிப்போனவனைப் பற்றி, திரும்ப மாட்டான் என்று தெரிந்தும் மறக்க முடியாதவனைப் பற்றி. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும் பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு மனநிலையைத் தொட்டுவிட்டுப் போகத்தான் முடியும். இங்கே பதினொரு பாட்டுகள், ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே விஷயம். துணிச்சலான ஏற்பாடு, கேட்பவருக்குச் சலிப்புத் தட்டக்கூடிய ஏற்பாடும்கூட. எனக்கு முதல் தடவை சலித்தது. முழுத் தட்டையும் ஒரே மூச்சில் கேட்டதுதான் நான் செய்த தவறு.

'ஐ'ம் எ ஃபூல் டு வாண்ட் யூ' பாட்டில் தொடங்குங்கள். இதை எழுதியவர்களில் புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் ஒருவர். 1951இல் அவர் முதலில் பதிவு செய்தார், 1957இல் மறுபடியும் பாடினார். இரண்டில் ஒன்றை முதலில் கேளுங்கள். சினாட்ராவின் மூச்சு நீளமானது. ஒரு வரியை அடுத்த வரியோடு ஒட்டி, நீர் ஓடுவது போலக் கொண்டு போவார். துன்பத்திலும் வடிவம் குலையாது. பிறகு பில்லி. வரிகள் துண்டு துண்டாக வருகின்றன. இரண்டு சொல், இடைவெளி. மூன்று சொல், இடைவெளி. மூச்சு போதவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே முறிப்பது என்பதை அவர் தேர்ந்துகொள்கிறார். ஒருத்தி தன்னையே திட்டிக்கொள்ளும் பாட்டு இது. தன்னைத் திட்டிக்கொள்பவள் சரளமாகப் பேசுவாளா? சினாட்ரா பாடும்போது அந்த மனிதர் இதைப் பலமுறை யோசித்து, ஒழுங்குபடுத்திச் சொல்கிறார் என்று தோன்றும். பில்லி பாடும்போது அந்தக் கணத்தில்தான் அவருக்கே தெரியவருகிறது என்று தோன்றும். சினாட்ராவே 1958இல் ஒரு பத்திரிகையில், கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கப் பாட்டின் மேல் மிகப் பெரிய பாதிப்பைச் செலுத்தியவர் பில்லி ஹாலிடே என்று எழுதினார். கடனைச் சபையறிய ஒப்புக்கொண்டது பெரிய மனம்.

அடுத்து 'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்'. ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்து 1939இல் வெளிவந்த பாட்டு. அதன் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கார்மைக்கேலிடம் யாரோ ஒரு கவிதைத் துண்டைக் கொடுத்திருந்தார்கள். எழுதியவரின் பெயர் அதில் முழுமையாக இல்லை, எழுத்துகள் மட்டும். பல வருடம் கழித்து அதைப் பாட்டாக்கியபோது, எழுதியவரைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று தேடினார்கள். ஜேன் பிரவுன் தாம்சன் என்ற வயதான பெண்மணி என்று தெரிந்தது. வானொலியில் அந்தப் பாட்டு முதன்முதலாக ஒலிப்பதற்கு முந்தின இரவு அவர் இறந்துவிட்டார்.

பாட்டின் பொருள் எளியது. நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன், மழை பெய்யும்போது தவிர, யாராவது உன் பெயரைச் சொல்லும்போது தவிர. இந்த மாதிரிப் பொய்யைப் பாடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. முதல் வரியிலேயே குரலில் அழுகையைக் காட்டிவிட்டால் பாட்டு அங்கேயே முடிந்துவிடும். பொய் பொய்யாகவே நிற்கவேண்டும், கேட்பவர் மட்டும் கண்டுபிடிக்கவேண்டும். பில்லி அந்த முதல் வரியை எவ்வளவு சாதாரணமாக, ஏறக்குறைய அக்கறையின்றிப் போடுகிறார் என்று கவனியுங்கள். "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்போமே, அந்தத் தொனி. குரல் உடைந்திருக்கிறது, ஆனால் அவர் காட்டும் பாவனை உடையவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இந்த ஆல்பத்தின் பூட்டுத் திறந்துவிடும்.

இனி குரல். இளவயதிலும் அவருக்குப் பெரிய குரல் கிடையாது. ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போல மேலும் கீழும் பறக்கவோ, பாடகி சாரா வான் போல ஒரே சுரத்தைப் பத்து நிறத்தில் காட்டவோ அவரால் ஒருபோதும் முடிந்ததில்லை. 1958க்குள் அந்தச் சின்ன எல்லையின் மேல்பகுதியும் போய்விட்டது. நீண்ட சுரத்தை நிறுத்தினால் ஆடுகிறது, வரி முடிவில் சுருதி சறுக்குகிறது. போகாமல் எஞ்சியவை இரண்டு: தாளத்தின் காலத்தைப் பற்றிய உணர்வு, சொல்லை உச்சரிக்கும் விதம். இந்த இரண்டும் இருபது வயதில் இருந்ததைவிடக் கூர்மையாகியிருந்தன என்பது என் உறுதியான கருத்து. ஒரு மெய்யெழுத்தை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது, ஓர் உயிரெழுத்தை எப்போது விட்டுவிடுவது என்று அவர் செய்யும் நுணுக்கங்களை 'யூ'வ் சேஞ்ச்டு' பாட்டில் காது கொடுத்துக் கேளுங்கள். தலைப்பில் வரும் அந்த இரண்டு சொற்கள் பாட்டில் பலமுறை வருகின்றன. ஒருமுறை குற்றச்சாட்டு, ஒருமுறை வியப்பு, கடைசியில் வெறும் தகவல். வழக்கு முடிந்துவிட்டது, தீர்ப்பை வாசிக்கிறார்.

அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். மைல்ஸ் டேவிஸ் அதே 1958இல் கொடுத்த பேட்டியில், பழைய பில்லியைவிட இப்போதைய பில்லியைக் கேட்கவே தனக்குப் பிடிக்கும், முதிர்ச்சி கூடியிருக்கிறது என்று சொன்னார். புரிந்துகொள்ளத் தாமதமானவரில் ரே எல்லிஸே ஒருவர். பதிவு முடிந்தபின் எடுத்தவற்றை எல்லாம் கேட்டுவிட்டு அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. இசைக்கோப்பாளரின் காதால் சுருதியையும் நேர்த்தியையும் தேடியிருக்கிறார். சில வாரம் கழித்து இறுதி ஒலிக்கலவையைக் கேட்டபோதுதான் பில்லி என்ன செய்திருக்கிறார் என்று தெரிந்தது என்று பின்னாளில் மனந்திறந்து சொன்னார். அதனால் முதல் தடவை உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் எந்தக் குறைவும் இல்லை.

வயலின்கள் விஷயத்தில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. சில இடங்களில் பின்னணிப் பெண் குரல்கள் சொல்லின்றி மிதந்து வருகின்றன. அவை தேவையே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தந்திகளை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. சிறு குழுவில் டிரம்ஸும் பியானோவும் தாளத்தைப் புள்ளி வைத்தது போலக் காட்டும். பில்லி அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு பின்னால் வருகிறார் என்று அளந்து ரசிக்கலாம், அதில் ஒரு விளையாட்டு இருக்கும். இங்கே தந்திக் குழு தாளத்தின் ஓரங்களை மழுக்கிவிடுகிறது. விளையாட்டுப் போய்விடுகிறது, பேச்சு மட்டும் நிற்கிறது. அடியில் மில்ட் ஹின்டனின் பேஸும் ஓசி ஜான்சனின் டிரம்ஸும் மெல்லிய நூல் போல ஓடிக்கொண்டிருப்பதால்தான் எதுவும் சரிந்துவிடவில்லை. நடுவில் டிராம்போன் வரும் இடங்களையும் தவறவிடாதீர்கள். ஜே.ஜே. ஜான்சனும் அர்பி கிரீனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். டிராம்போன் மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய கருவி. பில்லி நிறுத்திய பேச்சை அது தொடர்வது போல இருக்கும். இன்னொன்று: வழவழப்பான துணியின் மேல் வைத்தால்தான் சொரசொரப்பான பொருள் கண்ணுக்குத் தெரியும். பில்லிக்கு அது தெரிந்திருந்தது என்றே நம்புகிறேன்.

வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றார். அதன் பிறகு, மது விற்கும் நியூயார்க் கிளப்புகளில் பாடுவதற்கு வேண்டிய அனுமதி அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. கார்னகி ஹால் போன்ற பெரிய அரங்கில் பாடலாம், தான் வளர்ந்த சின்ன மேடைகளில் பாடக்கூடாது. 1959 ஜூலை 17 அன்று, மருத்துவமனைப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்ட நிலையில் இறந்தார். நாற்பத்து நான்கு வயது. அநியாயம்தான், அதைப் பற்றிக் கோபப்பட எல்லா நியாயமும் உண்டு. ஆனால் இந்தச் செய்திகளைக் கொண்டுவந்து ஆல்பத்தின் மேல் போர்த்தும்போது என்ன நடக்கிறது? ஒரு கலைஞர் காட்சிப்பொருளாகிவிடுகிறார். வீழ்ந்த பெண்ணை எட்டிப்பார்க்கும் அனுபவம் இது என்ற தொனியில், பெயர் பெற்ற ஜாஸ் கையேடு ஒன்றுகூட எழுதியிருக்கிறது. எட்டிப்பார்த்தது யார்? அவர் அங்கே நின்று தாளத்தை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று வேலை செய்துகொண்டிருந்தார்.

கேட்கும் முறை பற்றிச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். முதல் நாள் மேலே சொன்ன இரண்டு. மறுநாள் 1930களின் பில்லி, டெடி வில்சன் குழுவோடு, துள்ளலான பாட்டுகள். அதே தாமதத்தை அங்கே சிரிப்போடு கேட்பீர்கள். பிறகு மீண்டும் இங்கே வந்து 'கிளாட் டு பி அன்ஹாப்பி', 'யூ'வ் சேஞ்ச்டு'. ரிச்சர்டு ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 1936இல் ஒரு பிராட்வே நாடகத்துக்கு எழுதியது 'கிளாட் டு பி அன்ஹாப்பி'. அதில் ஹார்ட்டின் கெட்டிக்காரத்தனமான எதுகைகள் நிறைய உண்டு. மற்ற பாடகர்கள் அந்த எதுகைகளை மின்ன வைப்பார்கள், பில்லி அவற்றை மறைத்து வைத்துப் பாடுகிறார்.

'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' என்ற பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடப் பதிப்பில் மட்டும் பன்னிரண்டாவது பாட்டாக இருந்தது. அந்தப் பாட்டு அவருக்குச் சரியாகப் பழகியிருக்கவில்லை. அதனால் இசைக்குழு முதலில் வாசித்துப் பதிவு செய்துவிட, அந்தப் பதிவின் மேல் பிறகு அவர் தனியாகப் பாடினார். 1997 மறுவெளியீட்டில் அந்தப் பதிவறைத் துண்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைக் கேட்கும்போது அவருடைய வாழ்க்கையை நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அதே வரியை அவர் எங்கே தொடங்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.